இல்ஃபோர்ட் சகோதரிக்கு, திராட்சைக் கொடி பற்றி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் மூன்று கேள்விகள். கூடலூரில் அப்பாவின் பன்னீர் திராட்சைப் பந்தலிலிருந்து நாலு குச்சி வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி, விடுமுறைக்கு வரும் தம்பியின் பெட்டியில் போட்டு வரவழைத்து, இல்ஃபோர்ட் வீட்டின் பின்தோட்டத்தில் நடலாமா? நட்டால் எத்தனை வருஷத்தில் ஒயின் போடலாம்? நாகர்கோவில் மாமியாரின் கிறிஸ்துமஸ் ஒயின் குறிப்பு அதற்குச் சரிப்படுமா? உங்களுக்கு மட்டும் தனியே பதில் எழுதியிருப்பேன். ஆனால் ஹாரோவிலிருந்தும் டூட்டிங்கிலிருந்தும் இதே கேள்விகள் வருகின்றன, குச்சி வரும் ஊர்தான் மாறுகிறது. அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன்.

குச்சியைக் கொண்டுவராதீர்கள். இந்தியாவிலிருந்து திராட்சைக் குச்சியைப் பயணப் பெட்டியில் எடுத்துவர பிரிட்டனில் அனுமதி இல்லை. பழம் வேறு, நடுகிற குச்சி வேறு. நாலு குச்சிக்கு இவ்வளவு கெடுபிடியா என்று நீங்கள் நினைப்பது புரிகிறது. இந்தக் கெடுபிடிக்குப் பின்னால் ஒரு பெரிய அழிவு இருக்கிறது, அதன் முதல் தடயம் கிடைத்ததும் லண்டனில்தான். 1863-ல் ஹேமர்ஸ்மித்தில் ஒரு கண்ணாடி வீட்டிலிருந்து, இலையில் முடிச்சு முடிச்சாக ஏதோ இருக்கிறது என்று ஆக்ஸ்ஃபோர்ட் பூச்சியியல் பேராசிரியர் வெஸ்ட்வுட்டுக்கு மாதிரி அனுப்பினார்கள். அமெரிக்காவிலிருந்து அழகுக்காகவும் ஆசைக்காகவும் தருவித்த கொடிகளோடு ஃபில்லாக்ஸெரா என்ற அந்தப் பேன் போன்ற பூச்சி ஐரோப்பாவுக்கு வந்துவிட்டிருந்தது. அடுத்த முப்பது ஆண்டுகளில் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களில் பெரும்பகுதியை அது வேரோடு தின்று தீர்த்தது. அமெரிக்கக் கொடியின் வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக்கட்டித்தான் பிழைத்தார்கள். இன்று நீங்கள் நாற்றுப்பண்ணையில் வாங்கும் கொடியும் பெரும்பாலும் அப்படி ஒட்டுக்கட்டியதாகத்தான் இருக்கும். அதற்கும் முன்பே, 1845-ல், கெண்ட் கடற்கரையில் உள்ள மார்கேட்டில் டக்கர் என்ற தோட்டக்காரர் தன் திராட்சையில் மாவு தூவியது போன்ற சாம்பல் நோயைக் கண்டார். அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். கந்தகமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்துப் பார்த்தவரும் அவரே. இத்தனைக்கும் தொடக்கம் யாரோ சிலர் ஆசைப்பட்டுக் கொண்டுவந்த சில குச்சிகள்.

இன்னொரு காரணமும் உண்டு. அப்பாவின் பன்னீர் திராட்சைக்கு இங்கிலாந்து பிறந்த வீடு. வெளிநாடுகளில் மஸ்கட் ஹேம்பர்க் என்று அதற்குப் பெயர். 1850 வாக்கில் ஸ்னோ என்ற ஆங்கிலேயத் தோட்டக்காரர் கண்ணாடி வீட்டில் விதை போட்டு எடுத்த ரகம் அது. பெற்றோர் யார் என்பதை மரபணுச் சோதனையும் உறுதி செய்திருக்கிறது: ஒன்று மஸ்கட் ஆஃப் அலெக்சாண்டிரியா, மற்றொன்று பிளாக் ஹேம்பர்க். அந்தப் பிளாக் ஹேம்பர்க்கின் மிகப் புகழ்பெற்ற கொடி ஹேம்ப்டன் கோர்ட் அரண்மனையில் இருக்கிறது. 1768-ல் லேன்ஸலட் பிரவுன் அங்கே தோட்டப் பொறுப்பில் இருந்தபோது நட்டது. இன்னும் காய்க்கிறது. 2001-ல் மட்டும் 845 கிலோ காய்த்தது. அந்தக் கொடிக்குக் குச்சி எங்கிருந்து போனது தெரியுமா? உங்கள் ஊரிலிருந்து. இல்ஃபோர்ட் வேலண்டைன்ஸ் மாளிகையில் இருந்த தாய்க்கொடியிலிருந்து வெட்டிக்கொண்டு போனார்கள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை விளையாடக் கூட்டிப்போகும் அதே வேலண்டைன்ஸ் பூங்காதான். தாய்க்கொடி பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே போய்விட்டது.

உங்கள் கூடலூர் இருக்கும் கம்பம் பள்ளத்தாக்குக்கு இந்தத் திராட்சை எப்படி வந்தது என்பதற்கு ஒரு கதை உண்டு. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தார் என்று செய்திகளில் எழுதினார்கள். ரகமே பிறக்காத ஆண்டு அது. பாதிரியார் கொண்டுவந்தது வேறு திராட்சையாக இருந்திருக்கலாம், ஆண்டு பிந்தியதாகவும் இருந்திருக்கலாம். பாதிரியாரை நான் நம்புகிறேன், ஆண்டைத்தான் நம்பவில்லை. பூசைக்கு ஒயின் வேண்டும், ஒயினுக்குத் திராட்சை வேண்டும் என்று கொடியைக் கையோடு எடுத்துப் போன பாதிரிமார்கள் உலகம் முழுக்க இருந்திருக்கிறார்கள்.

அப்படியானால் மஸ்கட் ஹேம்பர்க்கை இங்கேயே வாங்கி நட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். கண்ணாடி வீடு இருந்தால் தாராளமாக. திறந்த வெளியில் வேண்டாம். ஹேம்ப்டன் கோர்ட் கொடியே வேரை வெளியே மண்ணில் வைத்துக்கொண்டு உடம்பை முழுக்கக் கண்ணாடிக்குள் வளர்க்கிறது. கண்ணாடிக்கு வெளியே ஒரு வெற்று நிலம் கிடக்கும். வேரின் சாப்பாட்டில் பங்குக்கு எதுவும் வந்துவிடக்கூடாது என்று அங்கே ஒரு செடியும் வைப்பதில்லை. மஸ்கட் ஹேம்பர்க் அதைவிடச் சூட்டுக்கு ஏங்குவது. பூக்கும் நேரத்தில் குளிரடித்தால் பிஞ்சு சரியாகப் பிடிக்காது. ஒரே குலையில் கோலிக்குண்டும் மிளகும் கலந்தாற்போல் நிற்கும். இங்கே ஜூன் கடைசியில் பூக்கும். இல்ஃபோர்ட்டில் ஜூன் கடைசி எப்படி இருக்கும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அப்பாவின் கைப்பழக்கம் இங்கே எந்த இடத்தில் உதவும், எந்த இடத்தில் குழப்பும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைக் கொடிக்குத் தூக்கம் கிடையாது. குளிர் வந்து இலை உதிர்த்து ஓய்வெடு என்று சொல்ல அங்கே ஆளில்லை. விட்டால் கொடி பாட்டுக்குப் படர்ந்துகொண்டே போகும், காய்க்காது. அதனால் விவசாயி கத்தரியை எடுத்துக் கவாத்து செய்து, மிச்ச இலையையும் உருவி, கொடிக்கு ஒரு செயற்கைக் குளிர்காலத்தை உண்டாக்குகிறார். நாலைந்து கண் விட்டு வெட்டிய கிளையிலிருந்து தளிர் வெடித்து, அதில் பூ வந்து, வெட்டிய நாளிலிருந்து சுமார் நாலு மாதத்தில் குலை பறிக்கலாம். அடுத்த கவாத்தை எப்போது வைத்துக்கொள்வது என்பதும் அவர் கையில்தான். ஒரு தோட்டத்தில் பழம் இறங்கும்போது பக்கத்துத் தோட்டத்தில் பூ இருக்கும். சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டிப் பக்கம் எந்த மாதம் போனாலும் எங்காவது ஒரு பந்தலில் குலை தொங்கும். ஐரோப்பியத் தோட்டக்காரனிடம் சொன்னால் சற்று நேரம் நம்பமாட்டான்.

இங்கே காலத்தை நிர்ணயிக்கும் உரிமை உங்களுக்குக் கிடையாது. நவம்பரில் இலை உதிரும். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முடிவதற்குள் கவாத்தை முடித்துவிட வேண்டும். மார்ச் வரை தள்ளிப்போட்டால் வெட்டுவாயிலிருந்து நீர் சொட்டுச் சொட்டாக வடியும். பெரும்பாலும் செத்துவிடாது, ஆனால் பார்க்கச் சங்கடமாக இருக்கும். ஏப்ரலில் கண் வெடிக்கும். மே முதல் பாதி வரை பின்பனி பயமுண்டு, அந்த இரவுகளில் கொடிமேல் ஒரு தோட்டத்துணியைப் போட்டு மூடுங்கள். அதற்கு மேல் ஒரே ஒரு அறுவடைதான், செப்டம்பர் கடைசி அல்லது அக்டோபரில். வருஷத்துக்கு ஒரு கவாத்து, ஒரு அறுவடை என்றால் அப்பா சிரிப்பார்.

ஆனால் எந்தக் கிளையில் காய்க்கும் என்ற அடிப்படை கூடலூரிலும் இல்ஃபோர்ட்டிலும் ஒன்றே. சென்ற கோடையில் வளர்ந்து பழுப்பேறி முற்றிய கிளையின் கண்களிலிருந்து வரும் புதுத்தளிரில்தான் குலை வரும். பழைய கட்டையிலிருந்து வெடிக்கும் தளிர் பெரும்பாலும் வெறும் இலைதான். இது புரிந்துவிட்டால் கவாத்தில் பாதி புரிந்தது மாதிரி. இங்குள்ள ஒயின் தோட்டங்களில் கீயோ முறை என்று ஒன்றைப் பின்பற்றுகிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக்காரர் ஜூல் கீயோவின் பெயரால் வந்தது. கொடியின் தலையிலிருந்து சென்ற ஆண்டுக் கிளைகளில் நல்லதாக இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு, ஒன்றை இடப்பக்கமும் ஒன்றை வலப்பக்கமும் வளைத்துக் கீழ்க்கம்பியில் கட்ட வேண்டும். அடுத்த ஆண்டுக்குக் கிளை கொடுக்க இரண்டு கண் உள்ள ஒரு குட்டைக் குச்சி. மற்ற அத்தனையையும் வெட்டி எறிந்துவிட வேண்டும். முதல் தடவை செய்யும்போது கை நடுங்கும், கொடியைக் கொன்றுவிட்டோம் என்றே தோன்றும். பந்தல் பார்த்து வளர்ந்தவர்களுக்கு நடுக்கம் கொஞ்சம் குறைவு என்று நினைக்கிறேன். கம்பிகளில் தளிர்கள் நிமிர்ந்து வளரட்டும். இங்கே பந்தல் போடாதீர்கள். கம்பத்தில் வெயில் உச்சியிலிருந்து கொட்டுகிறது, பந்தல் குலைக்கு நிழல் தருகிறது. லண்டனில் செப்டம்பர் வெயில் சாய்ந்து வரும், அது நேரே குலையில் விழ வேண்டும்.

எதை நடுவது? இதற்குப் பதில் கண்டுபிடித்துக் கொடுத்தவரும் ஒரு பொழுதுபோக்குக்காரர்தான். ரேமண்ட் பேரிங்டன் ப்ராக் என்ற வேதியியலாளர் 1946-லிருந்து சர்ரேயில் உள்ள ஆக்ஸ்டெட்டில், தன் வீட்டு நிலத்தில் நூற்றுக்கணக்கான ரகங்களை வரவழைத்து நட்டு, எது இங்கே பழுக்கிறது என்று பொறுமையாகக் குறித்து வைத்தார். பெரும்பாலானவை பழுக்கவில்லை. பழுத்த சிலவற்றைக் கொண்டு 1950-களில் ஹேம்ப்ஷையரின் ஹேம்பிள்டனிலும் பிற இடங்களிலும் தோட்டங்கள் கிளம்பின. இன்று சஸெக்ஸிலும் கெண்ட்டிலும் கோடிக்கணக்கில் நடக்கும் தொழிலுக்கு வேர் அந்த வீட்டு நிலத்தில் இருக்கிறது. ப்ராக் தேர்ந்த ரகங்களில் செய்வல் ப்ளாங்க் இன்னும் நல்லது. அதற்குப் பிறகு ஜெர்மன் ஆராய்ச்சி நிலையங்கள் நோய் தாங்கும் ரகங்களைக் கொண்டுவந்தன. கறுப்புக்கு 1967-ல் உருவான ரீஜென்ட், வெள்ளைக்கு ஃபீனிக்ஸ், 1975-ல் உருவான சோலாரிஸ். உங்கள் தோட்டத்துக்கு என் யோசனை இரண்டு ரீஜென்ட், ஒரு சோலாரிஸ். சோலாரிஸ் சீக்கிரம் பழுக்கும், இனிப்பு நன்றாக ஏறும். குளவிகளுக்கும் அது தெரியும்.

நோய் தாங்கும் ரகம் என்று ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், அப்பா போனில் உடனே சொல்லப்போவது, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து போர்டோ கலவை அடி என்பதாக இருக்கும். அருமையான மருந்து. அது பிறந்த விதமே வேடிக்கை. போர்டோ பக்கம் சாலையோரக் கொடிகளில் வழிப்போக்கர்கள் பழம் பறிக்காமல் இருக்க, விஷம் போலத் தெரியட்டும் என்று நீலநிறக் கலவையைத் தெளித்து வைப்பார்களாம். அந்த வரிசைகளில் மட்டும் அடிச்சாம்பல் நோய் வராததைப் பேராசிரியர் மில்லார்டே கவனித்து, 1885-ல் மருந்தாக வெளியிட்டார். ஆனால் பிரிட்டனில் வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு அதை விற்பதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன. அதனால் நோய் தாங்கும் கொடி, குலையைச் சுற்றி இலையைக் கிள்ளிக் காற்றோட்டம், இரண்டும்தான் உங்கள் மருந்து.

தெற்கு பார்த்த சுவர் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அதைவிட நல்ல இடம் வேண்டாம். பகலில் குடித்த சூட்டைச் செங்கல் இரவில் திருப்பிக் கொடுக்கும். சுவரிலிருந்து ஓரடி தள்ளிக் குழி எடுங்கள், கொடிக்குக் கொடி நாலைந்து அடி இடைவெளி. இல்ஃபோர்ட்டின் களிமண்ணில் நீர் தேங்கினால் மட்டும் கொஞ்சம் சரளை சேர்த்துக்கொள்ளலாம். உரத்தை அள்ளிக் கொட்டாதீர்கள். திராட்சைக்கு மண் கொழுத்தால் இலைதான் கொழுக்கும். முதல் இரண்டு ஆண்டுகள் குலை வந்தால் கிள்ளி எறியுங்கள். மூன்றாம் ஆண்டு கொடிக்கு மூன்று நான்கு குலை. நாலாம் ஆண்டிலிருந்து ஒரு கொடிக்கு 2 முதல் 4 கிலோ எதிர்பார்க்கலாம். ஆக, இரண்டாவது கேள்விக்கும் பதில் வந்துவிட்டது.

பறவைகளுக்கு வலை வாங்கி வையுங்கள். எங்கள் தென்மேற்கு லண்டனில் கருங்குருவியைவிடப் பெரிய திருடன் பச்சைக்கிளி. நம்மூர்ப் பச்சைக்கிளியேதான், அதே இனம். கூண்டிலிருந்து தப்பியவை பெருகி ஆயிரக்கணக்கில் திரிகின்றன. கீச்சுக் குரல் கேட்டவுடன் ஊர் ஞாபகம் வரும். அடுத்த நிமிஷம் குலை போயிருக்கும்.

இனி மாமியாரின் குறிப்பு. ஒரு கிலோ கறுப்புத் திராட்சைக்கு ஒரு கிலோ சர்க்கரை, காய்ச்சி ஆறிய தண்ணீர், ஒரு கைப்பிடி கோதுமை, கிராம்பு, பட்டை, கொஞ்சம் ஈஸ்ட். பீங்கான் பரணியில் போட்டு, தினமும் மரக்கரண்டியால் கிளறி, 21 நாளில் வடிகட்டி, முட்டை வெள்ளைக்கரு போட்டுத் தெளியவைப்பது. குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் ஆங்கிலோ இந்தியர் வீடுகளிலும் சிறு மாற்றங்களோடு வழங்குகிற குறிப்புதான். அதைப் பழிக்க எனக்கு மனமில்லை. பன்னீர் திராட்சைக்கு வாசனை அதிகம், ஒயினுக்கு வேண்டிய இனிப்பு குறைவு, சமையலறையில் சூடு அதிகம். இந்த மூன்றுக்கும் பொருந்திய பதில் அது. அத்தனை சர்க்கரையில் ஈஸ்ட் ஒரு கட்டத்தில் சோர்ந்து நின்றுவிடும், மிச்ச இனிப்பு அப்படியே தங்கும். இனிப்பும் கிராம்பும் சிறு குறைகளை மூடிவிடும். கேக்கோடு குடிக்க ஒரு சின்னக் கிளாஸ் அருமையாக இருக்கும். இதே ரகத்தில் கலிஃபோர்னியாவில் இனிப்பு ஒயின் செய்து நல்ல விலைக்கு விற்கிறார்கள் என்பதையும் மாமியாரிடம் சொல்லுங்கள். வெள்ளைக்கருவும் மூடநம்பிக்கை இல்லை. போர்டோவில் பீப்பாய்க்கு ஐந்தாறு முட்டையின் வெள்ளைக்கருவை அடித்து ஊற்றித் தெளியவைக்கும் வழக்கம் இன்றும் உண்டு. கோதுமையைத்தான் நான் விட்டுவிடுவேன். அதில் இருக்கும் மாவுச்சத்தை ஈஸ்டால் நேரடியாகத் தின்ன முடியாது, கலங்கல்தான் மிச்சம்.

ஆனால் அந்தக் குறிப்பை ரீஜென்ட் மேல் போடாதீர்கள். நாலு வருஷம் காத்திருந்து வளர்த்த பழத்தின் சுவை, கிலோவுக்குக் கிலோ சர்க்கரையில் காணாமல் போய்விடும்.

ஒரு கேலன் டெமிஜான் பாட்டில், அதாவது 4.5 லிட்டர், நிறைய உங்களுக்கு 7 கிலோ திராட்சை வேண்டும். அதில் ஆறு பாட்டில் ஒயின் வரும். பழம் போதவில்லை என்றால் அக்கம்பக்கத்துக் கொடிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நம்மவர்கள் நிறைய வாழும் டூட்டிங்கில் சில ஆண்டுகளுக்கு முன் அப்படித்தான் வீட்டுக்கு வீடு பழம் திரட்டி, சஸெக்ஸ் ஒயின் ஆலைக்கு அனுப்பி, 'ஷாட்டோ டூட்டிங்' என்று பெயரும் ஒட்டிக் குடித்தார்கள்.

பறிக்கும் நாளை வாயால் தீர்மானியுங்கள், நிறத்தால் வேண்டாம். கறுத்து மூன்று வாரம் ஆகியும் புளிக்கும். ஒரு பழத்தைக் கடித்து விதையைப் பாருங்கள். பச்சையாக இருந்தால் காத்திருங்கள், பழுப்பாகிக் கடித்தால் மொறுமொறுவென்றால் நெருங்கிவிட்டது. பிறகு நாலைந்து குலையிலிருந்து ஒவ்வொரு பழமாகப் பிடுங்கிச் சாறு பிழிந்து, ஹைட்ரோமீட்டரை மிதக்கவிடுங்கள். சில பவுண்டுக்குக் கிடைக்கும் கண்ணாடிக் குழல். அது இல்லாமல் ஒயின் போடுவது அளவு பார்க்காமல் ரவிக்கை தைப்பது போல. 1.085 காட்டினால் கொண்டாடலாம், சுமார் 11 சதவீதம் ஆல்கஹால் வரும். மோசமான கோடையில் 1.070-தான் காட்டும். அப்போது லிட்டருக்குச் சுமார் 40 கிராம் சர்க்கரை சேர்த்தால் சரியாகிவிடும். 17 கிராம் சர்க்கரை ஒரு லிட்டரில் ஒரு சதவீத ஆல்கஹால் தரும் என்பது கணக்கு. இப்படிச் சேர்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நெப்போலியன் காலத்து அமைச்சரான ஷாப்தால் என்ற வேதியியலாளரே புத்தகம் எழுதிப் பரிந்துரைத்தது, அவர் பெயரால்தான் அந்த முறையை இன்றும் சொல்கிறார்கள்.

காம்பை நீக்குங்கள். காம்போடு நசுக்கினால் ஒரு பச்சைக் கசப்பு ஏறும். அழுகிய பழம் ஒன்றுகூட வேண்டாம். சுத்தமான பிளாஸ்டிக் வாளியில் கையால் பிசைந்து, கேலனுக்கு ஒரு கேம்ப்டன் மாத்திரை பொடித்துப் போட்டு மூடி ஒரு நாள் விடுங்கள். கிளோஸ்டர்ஷையரில் உள்ள சிப்பிங் கேம்ப்டன் பழப்பாதுகாப்பு நிலையத்தில் உருவானதால் அந்தப் பெயர். அதிலிருந்து கந்தக டை ஆக்சைடு வெளிப்பட்டுக் கெட்ட கிருமிகளையும் காட்டு ஈஸ்ட்டையும் அடக்கும். மறுநாள் ஒயின் ஈஸ்ட் ஒரு பாக்கெட். ரொட்டி ஈஸ்ட் வேண்டாம். ஒன்றிரண்டு நாளில் தோல்கள் மேலெழும்பித் தொப்பி மாதிரி நிற்கும். காலையும் மாலையும் அதைக் கீழே அழுத்திவிடுங்கள், மறந்தால் மேலே காய்ந்து வினிகர் வாடை பிடிக்கும்.

இங்கே என் பிடிவாதம் ஒன்றைச் சொல்கிறேன். லண்டன் பின்தோட்ட ரீஜென்ட்டில் அடர்ந்த சிவப்பு ஒயின் எடுக்க முயலாதீர்கள். அவ்வளவு வெயில் நமக்கு இல்லை. நல்ல ஆண்டில் வந்தாலும் மெலிந்துதான் நிற்கும். நொதிக்கத் தொடங்கி ஒரு நாள் கழித்துத் தோலைப் பிழிந்து எடுத்துவிட்டு, ரோஜா நிறத்தில் ரோஸே செய்யுங்கள். சோலாரிஸைத் தோலோடு நொதிக்கவே விடாதீர்கள், மாத்திரை போடும் நாளிலேயே பிழிந்து சாறை மட்டும் எடுங்கள். பிழிய ஒரு மெல்லிய வெள்ளை வேட்டித் துணி போதும்.

பிழிந்த சாறு டெமிஜானுக்குப் போய், வாயில் ஏர்லாக் பொருத்த வேண்டும். வாயு வெளியே போகும், காற்று உள்ளே வராது. இதில்தான் பலர் அவசரப்பட்டு மூடியை இறுக்கிவிடுகிறார்கள். நொதிக்கும் ஒயின் கார்பன் டை ஆக்சைடை விட்டுக்கொண்டே இருக்கும், இறுக்கிய பாட்டில் வெடிக்கும். 18 முதல் 22 டிகிரி சூடு போதும், ஹாலின் மூலையே சரி. குமிழ் ஓய்ந்து ஹைட்ரோமீட்டர் 1.000-க்குக் கீழே இறங்கியதும் அடியில் படிந்த வண்டலை விட்டு மேலே உள்ளதை ரப்பர் குழாயால் வேறு டெமிஜானுக்கு மாற்றுங்கள், இன்னும் கால் மாத்திரை சேர்த்து. பிறகு குளிர்காலம் முழுக்க கொட்டகையில் விடுங்கள். குளிரில் கண்ணாடித் தூள் மாதிரி படிகங்கள் கீழே இறங்கும். பயப்பட வேண்டாம், அது திராட்சையின் புளிப்பு உறைந்தது. ஆங்கிலத் திராட்சையில் புளிப்பு எப்போதும் ஒரு படி தூக்கல், அது குறைந்தால் நமக்கு லாபமே. ஏப்ரலில் பாட்டிலில் அடைத்து, கோடையில் திறக்கலாம். எலுமிச்சையும் பச்சை ஆப்பிளும் கலந்த மாதிரி துடிப்பாக இருக்கும். வஞ்சிரம் வறுவலோடு பிரமாதம்.

கள்ளக்குறிச்சிச் சாவுகளைப் படித்ததிலிருந்து வீட்டில் போட்ட எதையும் குடிக்கப் பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். 2024-ல் அங்கே உயிர்களைக் குடித்தது சாராயத்தில் கலந்த மெத்தனால். திராட்சையை நொதிக்க வைப்பதில் மெத்தனால் மிகச் சிறிய அளவில்தான் உண்டாகும், கடை ஒயினிலும் அவ்வளவு இருக்கிறது. ஆனால் ஒயினைக் காய்ச்சி வடிக்கிற வேலைக்கு மட்டும் போகாதீர்கள். அது உரிமம் இல்லாமல் இங்கே குற்றம். நொதிக்க வைத்துச் சொந்த வீட்டில் குடிக்க மட்டும் எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். தமிழ்நாட்டில் நிலைமை வேறு. 1937-ல் ராஜாஜி காலத்தில் வந்த மதுவிலக்குச் சட்டப்படி உரிமமின்றி வீட்டில் ஒயின் போடுவதும் குற்றம்தான். மாமியாரிடம் அதை எப்படிச் சொல்வது என்பதை உங்கள் சாமர்த்தியத்துக்கு விட்டுவிடுகிறேன்.

புத்தகம் கேட்டிருந்தீர்கள். ஸி.ஜே.ஜே. பெர்ரியின் 'ஃபர்ஸ்ட் ஸ்டெப்ஸ் இன் ஒயின்மேக்கிங்' தொண்டு நிறுவனக் கடைகளில் ஒரு பவுண்டுக்குக் கிடைக்கும். போருக்குப் பிறகு 1953-ல் சர்க்கரை ரேஷன் நீங்கியதும் இந்த நாடு முழுக்க எல்டர்ப்பூவிலும் பார்ஸ்னிப்பிலும் வீட்டு ஒயின் போட்டுத் தள்ளிய காலத்தில் வந்த புத்தகம். பார்ஸ்னிப் பக்கத்தைத் தாண்டிவிடுங்கள்.

கொடியை நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் வேரில் மண்ணில்லாத நாற்றாக வாங்கினால் விலை குறைவு. நடும்போது ஒட்டுக்கட்டிய முடிச்சு மண்ணுக்கு மேலே நாலு விரல் தெரிய வேண்டும். புதைத்துவிட்டால் மேற்கொடி தானாக வேர்விட்டு, ஒட்டின் பயனே போய்விடும்.

அன்புடன்,
தென்மேற்கு லண்டனிலிருந்து உங்கள் கட்டுரையாளன்

பி.கு.: தேவாலயச் சந்தையில் பாட்டிலுக்கு ஐந்து பவுண்டு வைக்கலாமா என்று ஓரத்தில் கிறுக்கியிருந்தீர்கள். கூடாது. சும்மா கொடுக்கலாம், விற்றால் உரிமமும் வரியும் வரும். அந்தச் சந்தைக்குத் திராட்சை ஜாம் போடுங்கள், ரீஜென்ட்டில் அது நன்றாகவே வரும்.